விதியை வாசிக்கும் முறை: கூற்றுத் தர்க்கத்தின் முதல் அப்பியாசங்கள்

பம்பாயில் குடியேறி வாழும் தமிழர் எவரும் தம் வாழ்க்கையின் முக்கியமான தீர்மானங்கள் பலவற்றை, 'இன்னது இருந்தால் இன்னது கிடைக்கும்' என்ற வடிவில் யாரோ எழுதிவைத்த ஒரு வாக்கியத்தை நம்பியே செய்ய வேண்டியவராக இருக்கிறார். மாட்டுங்காவில் பள்ளிச் சேர்க்கைக்கான அறிவிப்பும், செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் சுற்றறிக்கையும், தாராவியில் மறுவளர்ச்சித் திட்டத்தின் தகுதி விதிகளும் இந்த ஒரே வடிவத்தில்தான் வந்து சேருகின்றன. அத்தகைய வாக்கியம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பிரித்தறிவதற்குப் பெரும் படிப்பு எதுவும் வேண்டியதில்லை; கூற்றுத் தர்க்கம் எனப்படும் சாஸ்திரத்தின் முதற்பகுதியை ஒழுங்காகப் பழகினால் போதும். அதை வாசகர் தாமே, தம் மேசையில், காகிதமும் பென்சிலும் கொண்டு பழகுவதற்கான வழியை இந்த அத்தியாயம் படிப்படியாகக் காட்டுகிறது.

தர்க்கம் நமக்குப் புதிய சரக்கு அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளையும் போலி வாதங்களின் வகைகளையும் வரிசையாக எடுத்துச் சொல்கிறார். ஆயினும் அந்தச் சரித்திரத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. கையால் செய்து பார்க்க வேண்டிய காரியத்துக்கு எவ்வளவு சித்தாந்தம் இன்றியமையாததோ அவ்வளவே இங்கு இடம்பெறும்.

தொடங்குமுன்

தேவையானவை மூன்று: கோடு போட்ட காகிதம், பென்சில், நீங்கள் வாசிக்க விரும்பும் விதியின் முழு வாசகம். மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. அண்டைவீட்டார் சொன்ன சுருக்கத்தையோ, கைப்பேசியில் சுற்றிவந்த செய்தியையோ வைத்துக்கொண்டு இந்த அப்பியாசத்தைச் செய்யலாகாது. ஏனெனில் ஒரு விதியின் உயிர் 'உம்', 'அல்லது', 'மட்டுமே', 'தான்' ஆகிய சிறு சொற்களில் இருக்கிறது, வாய்வழியாகச் செல்லும்போது முதலில் உதிர்ந்துபோவனவும் அச்சொற்களே.

## படி 1: கூற்றுகளைப் பிரித்தெடுத்தல்

மெய் என்றோ பொய் என்றோ சொல்லத்தக்க வாக்கியமே கூற்று எனப்படும். இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுமாக இருத்தல் கூடாது. வினா, கட்டளை, வேண்டுகோள், வியப்பு ஆகியவை கூற்று ஆகா.

1. "செம்பூர் ரயில் நிலையம் ஹார்பர் பாதையில் இருக்கிறது." கூற்று, மெய்.
2. "மாட்டுங்கா ரோடு நிலையம் மத்திய ரயில்வேயைச் சேர்ந்தது." கூற்று, பொய். மாட்டுங்கா மத்திய ரயில்வேயிலும், மாட்டுங்கா ரோடு மேற்கு ரயில்வேயிலும் உள்ளன. பொய்யான வாக்கியமும் கூற்றே என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.
3. "தாராவிக்கு எந்த வழியாகப் போவது?" கூற்று அன்று, வினா.
4. "வாசற்படியில் நின்று பயணம் செய்யாதீர்கள்." கூற்று அன்று, கட்டளை.

குறிப்பு: சந்தேகம் எழும்போது வாக்கியத்தின் இறுதியில் 'என்பது மெய்யா, பொய்யா?' என்று சேர்த்து வாசியுங்கள். பொருள் பொருந்தினால் அது கூற்று.

வழக்கமான பிழை: ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று கூற்றுகள் அடங்கியிருப்பதைக் கவனியாமல் விடுவது. "தரைத்தளத்தில் உள்ளதும் குறிப்பிட்ட தேதிக்கு முன்பே இருந்ததுமான வீடு" என்ற தொடரில் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக் கூடுமாதலால், அவற்றைத் தனித்தனி வரிகளில் எழுதிக்கொள்வதே முறை.

## படி 2: கூற்றுகளுக்கு எழுத்திடுதல்

பிரித்தெடுத்த ஒவ்வொரு தனிக்கூற்றுக்கும் ஓர் எழுத்தைப் பெயராக இடுங்கள்: ப, க, ம என்பன போல. இடும்போது இரண்டு நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

1. உடன்பாட்டு வடிவத்தையே எழுத்தாகக் கொள்க. 'வீடு மாடியில் இல்லை' என்பதற்கு எழுத்து இடாமல், 'வீடு மாடியில் இருக்கிறது' என்பதற்கு இட்டு, மறுப்பை அடையாளத்தால் காட்டுக. இல்லையேல் பிற்பாடு 'இல்லை என்பது இல்லை' என்ற சிக்கலில் அகப்பட்டுக்கொள்ள நேரும்.
2. ஓர் எழுத்து தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கூற்றையே குறிக்க வேண்டும். பாதி வழியில் 'வீடு' என்பது 'கடை'யாகவும், '2000ஆம் ஆண்டு' என்பது '2011ஆம் ஆண்டா'கவும் மாறிவிட்டால் முடிவு முழுவதும் வீணாகும்.

## படி 3: இணைப்புச் சொற்களை அடையாளம் காணுதல்

தனிக்கூற்றுகளைக் கூட்டுக்கூற்றாக்கும் இணைப்புகள் நான்கு மட்டுமே இப்போது நமக்குத் தேவை. நூல்களில் வழங்கும் அடையாளங்களையும் உடன் தருகிறேன்.

1. மறுப்பு (¬): 'இல்லை', 'அல்ல'. ¬ப என்பது ப மெய்யானால் பொய். ப பொய்யானால் மெய்.
2. இணைப்பு (∧): 'உம்', 'மற்றும்'. இரண்டும் மெய்யானால் மட்டுமே முழுமையும் மெய். 'எனினும்', 'ஆயினும்' முதலிய சொற்களும் தர்க்கத்தில் இவ்வினத்தையே சேர்ந்தவை. அவை பேசுபவரின் மனநிலையைக் காட்டுகின்றனவேயன்றி மெய்பொய்யை மாற்றுவதில்லை.
3. விகற்பம் (∨): 'அல்லது', 'ஆவது'. இரண்டில் ஒன்றேனும் மெய்யானால் முழுமையும் மெய். இரண்டும் மெய்யானாலும் மெய்யே.
4. நிபந்தனை (→): 'ஆல்', 'எனில்', 'ஆயின்'. 'ப ஆனால் க' என்பதில் ப முன்கூறு, க பின்கூறு. முன்கூறு மெய்யாகவும் பின்கூறு பொய்யாகவும் இருக்கும் ஒரு நிலையில் மட்டும் முழுமையும் பொய்.

இவற்றை ஒரே மெய் அட்டவணையில் எழுதினால் பின்வருமாறு அமையும்.

| ப | க | ப ∧ க | ப ∨ க | ப → க |
|---|---|---|---|---|
| மெய் | மெய் | மெய் | மெய் | மெய் |
| மெய் | பொய் | பொய் | மெய் | பொய் |
| பொய் | மெய் | பொய் | மெய் | மெய் |
| பொய் | பொய் | பொய் | பொய் | மெய் |

இரண்டு எழுத்துகளுக்கு நான்கு வரிசைகள். மூன்று எழுத்துகளுக்கு எட்டு. எழுத்து ஒன்று கூடுந்தோறும் வரிசைகள் இரட்டிக்கும். வரிசை விடுபடாதிருக்க, முதல் நிரலில் மேற்பாதியை மெய்யாகவும் கீழ்ப்பாதியைப் பொய்யாகவும் எழுதி, அடுத்த நிரலில் அப்பாதிகளை மறுபடி பாதியாக்கிச் செல்வது நல்ல பழக்கம்.

எச்சரிக்கை 1: 'ஆனால்' என்ற சொல். "பன்வேல் வண்டியானால் ஏறலாம்" என்னுமிடத்தில் அது நிபந்தனை. "பன்வேல் வண்டிதான், ஆனால் கூட்டம் அதிகம்" என்னுமிடத்தில் அது இணைப்பு. முன்னதற்கு அம்புக்குறியும் பின்னதற்கு ∧ குறியும் இட வேண்டும்.

எச்சரிக்கை 2: 'அல்லது' என்ற சொல். "ஆதார் அட்டை அல்லது வாக்காளர் அட்டை காட்டுக" என்ற அறிவிப்பில் இரண்டையும் காட்டுவோரை யாரும் விலக்குவதில்லை. அட்டவணையில் உள்ளது இந்த 'அல்லது'தான். இரண்டில் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் விதிகளும் உண்டு. அங்கே 'இரண்டும் கூடாது' என்ற தனிக்கூற்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை 3: 'இரண்டும் இல்லை' என்ற தொடர். "இரு நிபந்தனைகளும் நிறைவேறவில்லை" என்று ஒருவர் சொன்னால், இரண்டுமே தவறிவிட்டன என்றும் கொள்ளலாம்; இரண்டும் ஒருங்கே கூடவில்லை, ஒன்று மட்டும் தவறியிருக்கக் கூடும் என்றும் கொள்ளலாம். முன்னது ¬ப ∧ ¬க. பின்னது ¬(ப ∧ க). இவை வேறு வேறு. பின்னதை விரித்தால் கிடைப்பது ¬ப ∨ ¬க என்பதாகும். அதாவது, 'உம்' இணைத்த தொடரை மறுக்கும்போது உள்ளே 'அல்லது' பிறக்கிறது. 'அல்லது' இணைத்ததை மறுக்கும்போது 'உம்' பிறக்கிறது. இவ்விதிகள் இன்று அகஸ்டஸ் டி மார்கன் என்பாரின் பெயரால் வழங்குகின்றன. இலண்டனில் கணிதப் பேராசிரியராக இருந்து 1847இல் தர்க்க நூலொன்றை வெளியிட்ட அவர் பிறந்தது 1806இல், நம் மதுரையில் என்பதைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது தகும்.

## படி 4: நிபந்தனையை வடாலாவில் சோதித்தல்

நான்கு இணைப்புகளில் புதிதாய்ப் பயில்வோரைத் தடுமாற வைப்பது நிபந்தனை ஒன்றே. முன்கூறு பொய்யாக இருக்கும்போது முழுமையும் மெய் என்று அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைகள் கூறுவது பலருக்கு விபரீதமாகப் படும். அந்தத் தயக்கத்தைத் தீர்க்க வடாலா ரோடு ரயில் நிலையத்தைவிட ஏற்ற இடம் நான் அறியேன்.

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து, அதாவது பழைய வழக்கில் வி.டி.யிலிருந்து, புறப்படும் ஹார்பர் வண்டிகள் வடாலாவைத் தாண்டியதும் இரண்டு கிளையாகப் பிரிகின்றன. ஒரு கிளை குர்லா, திலக் நகர், செம்பூர், மான்குர்த் வழியாக வாஷிக்கும் பன்வேலுக்கும் செல்கிறது. மற்றது கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாகக் கோரேகாவுக்குச் செல்கிறது. இப்போது பின்வரும் விதியை எடுத்துக்கொள்வோம்: "வி.டி.யிலிருந்து வரும் வண்டி பன்வேல் வண்டியானால், அது செம்பூரில் நிற்கும்."

ப: வண்டி பன்வேல் வண்டி.
க: வண்டி செம்பூரில் நிற்கும்.

நான்கு வரிசைகளையும் நான்கு விதமான வண்டிகளாகப் பாருங்கள்.

1. ப மெய், க மெய்: பன்வேல் வண்டி வருகிறது, செம்பூரில் நிற்கிறது. விதி காப்பாற்றப்பட்டது.
2. ப மெய், க பொய்: பன்வேல் வண்டி வந்து, செம்பூரில் நிற்காமல் போகிறது. அப்படி ஒன்று நிகழ்ந்தால் மட்டுமே விதி பொய்த்தது என்று சொல்ல முடியும்.
3. ப பொய், க மெய்: வாஷி வண்டி வருகிறது. அது பன்வேல் வண்டி அல்ல. எனினும் செம்பூரில் நிற்கிறது. நம் விதிக்கு இதனால் யாதொரு பங்கமும் இல்லை.
4. ப பொய், க பொய்: கோரேகாவ் வண்டி வருகிறது. அது பன்வேல் வண்டியும் அல்ல. செம்பூரில் நிற்பதும் இல்லை. இதனாலும் விதிக்குப் பங்கமில்லை.

மூன்றாவது, நான்காவது வரிசைகளில் விதி மெய்யாக நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். பன்வேல் வண்டி அல்லாதவற்றைப் பற்றி அவ்விதி வாய் திறக்கவே இல்லை. சொல்லாத ஒன்றுக்காக ஒரு விதியைப் பொய்யென்று கூற நமக்கு உரிமையில்லை. அது சொல்லாத ஒன்றை அது சொன்னதாகக் கொள்ளவும் உரிமையில்லை. இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியுமாயின், அது இதுவாக இருக்கட்டும்: நிபந்தனை தன் முன்கூறு நிறைவேறாத இடத்தில் மௌனம் சாதிக்கிறது, மௌனம் மறுப்பாகாது.

பாதுகாப்புக் குறிப்பு: இந்தச் சோதனையை நடைமேடையில் நின்றபடி, அறிவிப்புப் பலகையை வாசித்தே செய்யலாம். வண்டி எதுவென்று உறுதிப்படாமல் நகரும் வண்டியில் ஏறுவதோ, தவறென்று தெரிந்ததும் குதிப்பதோ, தண்டவாளத்தைக் கடந்து மறுமேடைக்குச் செல்வதோ உயிருக்கே ஆபத்து. அடுத்த நிலையத்தில் இறங்கி மேம்பாலம் வழியாகத் திரும்புவதே முறை.

## படி 5: செல்லும் வாதம், செல்லாத வாதம்

ஒரு நிபந்தனையோடு இன்னொரு செய்தியைச் சேர்த்து முடிவு காண்பதே வாதம். 'ப ஆனால் க' என்ற விதி கையில் இருக்க, வரக்கூடிய செய்திகள் நான்கு. அவற்றுள் இரண்டு முடிவு தரும், இரண்டு தாரா.

1. முன்கூறு உண்டு. பன்வேல் வண்டி, ஆகவே செம்பூரில் நிற்கும். இது செல்லும்.
2. பின்கூறு இல்லை. செம்பூரில் நிற்காத வண்டி. ஆகவே பன்வேல் வண்டி அல்ல. இதுவும் செல்லும்.
3. பின்கூறு உண்டு. செம்பூரில் நிற்கிறது, ஆகவே பன்வேல் வண்டி. இது செல்லாது, வாஷி வண்டி இதை முறியடிக்கிறது. இவ்வாறு நம்பி ஏறியவர் வாஷியிலேயே இறங்க நேரும்.
4. முன்கூறு இல்லை. பன்வேல் வண்டி அல்ல. ஆகவே செம்பூரில் நிற்காது. இதுவும் செல்லாது, அதே வாஷி வண்டி இதையும் முறியடிக்கிறது. செம்பூர் செல்ல வேண்டியவர் வீணே அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்.

நம் முன்னோர் புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்த பழைய உதாரணத்திலும் இதே எல்லை உண்டு. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். ஆனால் புகை இல்லாமையால் நெருப்பு இல்லை என்று கொள்ளலாகாது என்பதற்கு, காய்ச்சிய இரும்பு உருண்டையை நியாய நூலார் எடுத்துக்காட்டினர்.

செய்முறை: ஒரு வாதம் செல்லுமா என்று ஐயம் தோன்றினால், அது தரும் செய்திகள் அனைத்தும் மெய்யாகவும் முடிவு மட்டும் பொய்யாகவும் இருக்கும் வரிசை ஒன்று அட்டவணையில் உண்டா என்று தேடுங்கள். ஒன்று அகப்பட்டாலும் வாதம் செல்லாது. ஒன்றும் அகப்படாவிடில் செல்லும். நான்கே வரிசைகள் என்பதால் இதற்கு ஓரிரு நிமிஷங்களே ஆகும்.

## படி 6: 'தான்', 'மட்டுமே', 'ஒழிய' ஆகியவற்றின் திசை அறிதல்

இதுவரை அம்பு முன்கூற்றிலிருந்து பின்கூற்றுக்குச் சென்றது. தமிழில் 'ஆல்' என்பதோடு 'தான்' சேர்ந்த மாத்திரத்தில் அதன் திசை திரும்பிவிடுகிறது. அறிவிப்புகளை வாசிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இங்கே பிறப்பதால், நிதானமாகப் பாருங்கள்.

"முதல் வகுப்புச் சீட்டு இருந்தால்தான் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறலாம்." இதன் பொருள்: ஏறுவதற்கு உரிமை உண்டெனில் சீட்டு இருக்கிறது. சீட்டு இருந்துவிட்டால் எந்த முதல் வகுப்புப் பெட்டியிலும் ஏறலாம் என்று இவ்வாக்கியம் உறுதி கூறவில்லை. மகளிருக்கென ஒதுக்கப்பட்ட முதல் வகுப்புப் பெட்டியில் சீட்டு வைத்திருக்கும் ஆடவர் ஏற இயலாது. சீட்டு அவசியம், ஆனால் சீட்டு மட்டும் போதுமானதன்று.

1. 'ப இருந்தால் க' எனில் ப → க. ப போதுமானது.
2. 'ப இருந்தால்தான் க', 'ப இருந்தால் மட்டுமே க' எனில் க → ப. ப அவசியமானது.
3. 'ப இருந்தாலொழிய க இல்லை' என்பதும் க → ப என்பதே. "கையெழுத்து இட்டாலொழிய படிவம் செல்லாது" என்றால், செல்லும் படிவம் எல்லாம் கையெழுத்து இட்டவை. கையெழுத்து இட்டவை எல்லாம் செல்லும் என்பதன்று.
4. இரண்டு திசையும் வேண்டுமாயின் இரண்டு வாக்கியங்களையும் விதி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நாமாகச் சேர்க்கக் கூடாது.

குறிப்பு: அறிவிப்பைக் கையில் எடுத்ததும், வேறு எதையும் செய்யுமுன் இச்சிறு சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

## முழுப் பயிற்சி: தாராவியின் தகுதி விதி

இதுவரை பழகியவற்றை ஒரு மெய்யான விதியின்மேல் பிரயோகிப்போம். தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில் குடியிருப்புகளுக்கென அறிவிக்கப்பட்ட தகுதி விதிகளின் சாரம் இது.

- முதல் விதி: தரைத்தளத்தில் உள்ளதும், 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ இருந்ததுமான வீடாயின், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு கட்டணமின்றி வழங்கப்படும்.
- இரண்டாம் விதி: தரைத்தளத்தில் இருந்து, அத்தேதிக்குப் பின் 2011 ஜனவரி 1 வரை எழுந்த வீடாயின், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு 2.5 லட்சம் ரூபாய்க்கு வழங்கப்படும்.
- மூன்றாம் விதி: 2011 ஜனவரி 1க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை எழுந்தவையும், அந்நாள் வரை இருந்த மேல்தள வீடுகளும், தாராவிக்கு வெளியே வாடகைக் கொள்முதல் முறையில் இடம்பெறும்.

முதல் விதியை எடுத்து வேலையைத் தொடங்குங்கள்.

1. பிரித்து எழுத்திடுக. ப: வீடு தரைத்தளத்தில் உள்ளது. க: வீடு 2000 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ இருந்தது. ம: தாராவிக்குள் கட்டணமில்லா வீட்டுக்குத் தகுதி உண்டு.
2. வடிவத்தை எழுதுக. (ப ∧ க) → ம.
3. அட்டவணை வரைக. மூன்று எழுத்துகளாதலால் எட்டு வரிசைகள். அவற்றுள் ப மெய், க மெய், ம பொய் என்ற ஒரு வரிசையில் மட்டுமே விதி மீறப்படுகிறது. முறையீடு செய்ய நேரின் நீங்கள் நிரூபிக்க வேண்டியதும் இந்த வரிசையையே: தரைத்தளத்துக்கு ஒரு சான்று, தேதிக்கு ஒரு சான்று, மறுக்கப்பட்டதற்கு ஒரு சான்று. ஒன்று குறைந்தாலும் வாதம் முழுமை பெறாது.
4. முன்கூற்றின் மறுப்பை விரிக்க. ¬(ப ∧ க) என்பது ¬ப ∨ ¬க. ஆகவே 'நிபந்தனைகள் நிறைவேறவில்லை' என்ற பதில் வந்தால், எந்த நிபந்தனை என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். தளத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் தேதியைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் காட்ட வேண்டிய சான்றுகள் வேறு வேறு.
5. மௌனத்தை மறுப்பாகக் கொள்ளாதிருக்க. இது எல்லாவற்றிலும் முக்கியமானது, விரிவாகப் பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் மேல்தளத்தில் குடியிருக்கும் ஒருவர், தம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "அண்ணாச்சி, நம்ம வீடு மாடியில இருக்கு. முதல் விதியில நாம வரல. அப்ப நமக்கு ஒண்ணுமே கிடையாதுல்லா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாதத்தின் வடிவம் என்ன? முன்கூறு இல்லை, ஆகவே பின்கூறு இல்லை. ஐந்தாம் படியில் செல்லாது என்று கண்ட அதே வடிவம். மேலும், அவர் பின்கூற்றையும் விரித்துவிட்டார்: முதல் விதி பேசுவது தாராவிக்குள் கிடைக்கும் கட்டணமில்லா வீட்டைப் பற்றி மட்டுமே, அவரோ 'ஒன்றுமே கிடையாது' என்று முடிக்கிறார். மாடி வீட்டைப் பற்றி முதல் விதி மௌனமாக இருக்கிறது. அவ்வீட்டின் கதி என்னவென்று அறிய மூன்றாம் விதிக்குச் செல்ல வேண்டும், அங்கே அவருக்கென ஓர் ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாடு அவருக்கு உவப்பானதா, அவர் கையிருப்புக்கு எட்டுவதா என்பது வேறு விசாரணை. ஆனால் ஒன்றுமில்லை என்று நம்பிக் கணக்கெடுப்பின்போது கதவைத் திறக்காமலும் தம்மிடமுள்ள சான்றுகளைக் கொடாமலும் இருந்துவிட்டால், தவறான ஓர் அனுமானத்துக்காக அவர் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

இதன் மறுபுறத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. விதி 'ஆயின் மட்டுமே' என்று எழுதப்பட்டிருந்தால், முன்கூறு இல்லாதபோது பின்கூறு இல்லையென்று முடிப்பது செல்லும். எனவேதான் ஆறாம் படியை வற்புறுத்தினேன்.

## எச்சரிக்கைகள்

1. வடிவம் வேறு, உண்மை வேறு. வாதம் செல்லுபடியாகும் என்பதால் அதன் ஆதாரக் கூற்றுகள் மெய்யாகிவிடா. 'வீடு 2000க்கு முன்பே இருந்தது' என்பதை மெய்யாக்குவது ஆவணமேயன்றி அட்டவணை அன்று.
2. இந்தப் பயிற்சி சட்ட ஆலோசனை அன்று. விதிகளுக்கு விலக்குகளும் விளக்கங்களும் திருத்தங்களும் உண்டு. நான் தந்திருப்பது பயிற்சிக்கான சாரம். உங்கள் சொந்த விஷயத்தில் அதிகாரபூர்வமான முழு வாசகத்தைப் பெற்று, தேவையெனில் வழக்கறிஞரைக் கண்டு, பிறகே முடிவெடுங்கள்.
3. புரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள விதியை நம்பகமான ஒருவரைக் கொண்டு சொல்லுக்குச் சொல் வாசிக்கச் செய்து, 'மற்றும்', 'அல்லது', 'மட்டுமே' ஆகியவை எங்கெங்கே வருகின்றன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. மூலச் சான்றுகளைக் கைவிடாதீர்கள். நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

## அப்பியாசங்கள்

விடையைப் பார்க்குமுன் காகிதத்தில் செய்து பாருங்கள்.

1. "மத்திய ரயில்வேயில் விரைவு வண்டியானால் மாட்டுங்காவில் நிற்காது." நீங்கள் ஏறிய வண்டி மாட்டுங்காவில் நின்றது. என்ன முடிவு செல்லும்?
2. "ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இருந்தால்தான் படிவம் ஏற்கப்படும்." இரண்டையும் கொண்டுசென்றவரின் படிவம் ஏற்கப்படவில்லை. அறிவிப்பு பொய்த்ததா?
3. "அவர் வீடு செம்பூரில் அல்லது மாட்டுங்காவில் இருக்கிறது" என்பதை மறுத்து எழுதுக.
4. ¬(ப ∧ க), ¬ப ∨ ¬க ஆகிய இரண்டுக்கும் அட்டவணை வரைந்து ஒப்பிடுக.

விடைகள்

1. அது விரைவு வண்டி அல்ல. பின்கூறு 'நிற்காது' என்பது. நின்றதால் பின்கூறு பொய்த்தது, ஆகவே முன்கூறும் பொய்.
2. பொய்க்கவில்லை. ஏற்கப்படுவதற்கு இரு அட்டைகளும் அவசியம் என்றே அறிவிப்பு கூறியது. அவை போதும் என்று கூறவில்லை. வேறு என்ன தேவை என்று கேட்பதே அடுத்த செயல்.
3. "அவர் வீடு செம்பூரிலும் இல்லை, மாட்டுங்காவிலும் இல்லை." ஒன்றை மட்டும் மறுத்தவர்கள் மூன்றாம் படியில் உள்ள மூன்றாம் எச்சரிக்கையை மீண்டும் வாசிக்கவும்.
4. இரண்டும் நான்கு வரிசைகளிலும் ஒத்திருக்கும்: பொய், மெய், மெய், மெய்.

நான்கும் சரியாக வந்திருந்தால், அடுத்த அப்பியாசத்தை இந்த நூலில் தேட வேண்டாம். உங்கள் கட்டடத்து அறிவிப்புப் பலகையிலோ, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த தாளிலோ உள்ள ஒரு விதியை எடுத்து, சிறு சொற்களை வட்டமிட்டு, எழுத்திட்டு, அட்டவணை வரைந்து, அது மௌனமாக இருக்கும் இடங்களைத் தனியே குறித்து வையுங்கள். அந்த இடங்களே அதிகாரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.